விகிதம் ஒரு கையில், தளம் மறு கையில்: ஸ்காட்லாந்தின் வருமான வரி அதிகாரப் பகிர்வு குறித்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

சம்பளம், ஓய்வூதியம், சுயதொழில், வாடகை ஆகியவற்றால் வரும் வருமானத்துக்கான வரி விகிதங்களையும் அடுக்குகளையும் 2017 ஏப்ரல் முதல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றமே தீர்மானித்து வருகிறது. மக்களிடம் வரி வாங்கிச் செலவிடும் பொறுப்பு ஒரே அவையிடம் இருக்க வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டுக்குச் சொல்லப்பட்ட நியாயம். ஏற்பாட்டின் உண்மையான எடை வரி விகிதத்தில் இல்லை. லண்டனிலிருந்து வரும் மானியத்தில் எவ்வளவு கழிக்கப்படுகிறது என்ற சூத்திரத்தில் இருக்கிறது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. வரித் தளத்தை வரையறுக்கும் அதிகாரம் பிரிட்டிஷ் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டரிடமே நிற்க, அந்தத் தளம் மெதுவாக வளர்ந்தால் ஏற்படும் இழப்பு மட்டும் ஸ்காட்லாந்து அரசு அமர்ந்திருக்கும் எடின்பரோவின் தலையில் விழுகிறது. பொறுப்பு என்ற பெயரில் கைமாறியதில் பெரும்பங்கு இடர்தான்.

1. சிக்கல்

தன் குடிமக்களிடம் வரி கேட்காத அரசு அவர்களுக்குக் கணக்குச் சொல்லவும் கடமைப்பட்டதில்லை என்பது நிதிக் கூட்டாட்சி பற்றிய எழுத்துகளில் பழைய வாதம். 1999இல் கூடிய ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இதற்குக் கண்கூடான உதாரணமாக இருந்தது. பள்ளி, மருத்துவமனை, காவல்துறை, உள்ளாட்சி என அன்றாட வாழ்வின் பெரும்பகுதி அதன் பொறுப்பு. பணமோ பெருமளவும் லண்டன் கருவூலம் தரும் தொகுப்பு மானியம். 1970களின் இறுதியில் ஜோயல் பார்னெட் கருவூல அமைச்சராக இருந்தபோது உருவான சூத்திரப்படி, இங்கிலாந்தில் ஒரு துறையின் செலவு கூடும்போது மக்கள்தொகை விகிதத்தில் ஸ்காட்லாந்துக்கும் ஒரு பங்கு கூடும். எடின்பரோ அமைச்சர்கள் செலவிட்டுப் பெயர் வாங்கலாம். வரி விதித்துப் பழி ஏற்க வேண்டியதில்லை. வருமான வரி அதிகாரத்தைப் பகிர்ந்தால் இந்தக் குறை தீரும் என்று கட்சி வேறுபாடின்றிப் பலர் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை இன்று நடைமுறையின் வெளிச்சத்தில் சோதிக்கலாம். ஒரு பிராந்திய அரசு வருமான வரியின் பெரும்பகுதியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு அண்மைக் காலத்தில் ஸ்காட்லாந்தைப் போல் விரிவாகப் பதிவான சோதனைகள் குறைவு.

2. பயன்படாத அதிகாரத்திலிருந்து பயன்படும் அதிகாரத்துக்கு

1997 செப்டம்பர் 11 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் இரண்டு கேள்விகள் இருந்தன. தனி நாடாளுமன்றம் வேண்டுமா என்பதற்கு 74.3 சதவீதத்தினரும், அதற்கு வரியை மாற்றும் அதிகாரம் வேண்டுமா என்பதற்கு 63.5 சதவீதத்தினரும் ஆம் என்றார்கள். இடைப்பட்ட பதினொரு சதவீதப் புள்ளிகள், அவையை விரும்பியும் அதன் வரியை விரும்பாதவர்களுடையவை. 1998ஆம் ஆண்டுச் சட்டம் அடிப்படை விகிதத்தை மட்டும் பவுண்டுக்கு மூன்று பென்ஸ் வரை கூட்டவோ குறைக்கவோ அனுமதித்தது. 1999 தேர்தலில் லண்டன் அரசு அறிவித்த ஒரு பென்னி வரிக்குறைப்பைக் கைவிட்டுப் பொதுச் சேவைகளுக்குச் செலவிடுவோம் என்று ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி வாக்குக் கேட்டது, தொழிற்கட்சியிடம் தோற்றது. அதன்பின் எந்தக் கட்சியும் அந்த மூன்று பென்ஸைத் தொடவில்லை.

தொடாத அதிகாரம் துருப்பிடித்தது. அதற்கான கணினி ஏற்பாட்டைப் பராமரிக்க வருவாய்த் துறை கேட்ட கட்டணத்தை 2007 முதல் ஸ்காட்லாந்து அரசு செலுத்தவில்லை என்பதும், ஆகவே அந்த அதிகாரத்தை உடனே பயன்படுத்த இயலாத நிலை வந்துவிட்டது என்பதும் 2010 நவம்பரில் வெளியே தெரிந்தன. வாக்கெடுப்பில் மக்கள் கொடுத்த உரிமை, நிர்வாகச் செலவுக் கணக்கில் சத்தமில்லாமல் காலாவதியாகியிருந்தது. சட்டப் புத்தகத்தில் எழுதியிருப்பதால் மட்டும் ஒரு வரி அதிகாரம் உயிரோடு இருப்பதில்லை.

அதிகாரப் பகிர்வை மறுஆய்வு செய்த கால்மன் ஆணையம் 2009இல் அளித்த பரிந்துரையின் பேரில் 2012ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. பிரிட்டனின் ஒவ்வொரு விகிதத்திலும் பத்துப் புள்ளிகளைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் ஸ்காட்லாந்து தன் ஒற்றை விகிதத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றது அது. ஆனால் எல்லா அடுக்குகளுக்கும் ஒரே அளவில்தான் கூட்ட முடியும். செல்வர்மீது கூடுதலாகவும் எளியோர்மீது குறைவாகவும் விதிக்க வழியில்லை. 2016 ஏப்ரலில் இது நடைமுறைக்கு வந்தபோது, எடின்பரோ பத்துப் புள்ளிகளையே நிர்ணயித்துப் பழைய நிலையைத் தக்கவைத்துக்கொண்டது.

அதற்குள் அரசியல் வேகமாக நகர்ந்துவிட்டது. 2014 செப்டம்பர் 18 அன்று நடந்த விடுதலை வாக்கெடுப்பில் 55 சதவீதத்தினர் பிரிட்டனோடு இருக்க வாக்களித்தார்கள். கடைசி நாட்களில் பிரிட்டனின் மூன்று பெரிய கட்சிகளின் தலைவர்களும் கூடுதல் அதிகாரங்களுக்கு வாக்குறுதி அளித்திருந்தார்கள். அதைச் செயல்வடிவமாக்க அமைந்த ஸ்மித் ஆணையம் நவம்பர் 27 அன்றே அறிக்கை தந்தது. ஐந்து கட்சிகள் இரண்டே மாதங்களில் கண்ட உடன்பாடு அது. அதன்மீது எழுந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம், சேமிப்பு வட்டியும் ஈவுத்தொகையும் நீங்கலான வருமானத்துக்கு விகிதங்கள், அடுக்குகள் இரண்டையும் ஸ்காட்லாந்திடம் ஒப்படைத்தது.

இம்முறை அதிகாரம் தூங்கவில்லை. 2017–18இல் உயர் விகிதம் தொடங்கும் வருமானம் பிரிட்டனின் பிற பகுதிகளில் 45,000 பவுண்டாக உயர, ஸ்காட்லாந்து 43,000இலேயே நின்றது. 2018–19இல் 19, 20, 21, 41, 46 சதவீதம் என ஐந்து அடுக்குகள் வந்தன. 2023–24இல் மேல் இரண்டும் 42, 47 ஆயின. 2024–25இல் 75,000 பவுண்டுக்கு மேல் 45 சதவீதம் என்ற ஆறாவது அடுக்கு சேர்ந்தது. உச்ச விகிதம் 48 ஆனது. படிநிலையை மாற்றும் உரிமை கிடைத்ததும் எடின்பரோ அதைப் பயன்படுத்தியது. பழைய மூன்று பென்ஸ் தீண்டப்படாமல் போனதற்குத் துணிவின்மை ஒரு காரணம். எல்லோரையும் ஒரேயடியாகத் தாக்கும் அதன் வடிவமைப்பு இன்னொரு காரணம்.

3. பகிரப்பட்டதும் பகிரப்படாததும்

வெஸ்ட்மின்ஸ்டர் கையில் இன்னும் இருப்பவற்றின் பட்டியல் நீளமானது. எது வருமானம் என்ற வரையறை, வரி விலக்கு வரம்பு, ஓய்வூதியச் சேமிப்புக்கான சலுகைகள், சேமிப்பு வட்டி, ஈவுத்தொகை, நிறுவன வரி, தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பு எல்லாம் அங்கேதான். வசூலிப்பதும் பிரிட்டிஷ் வருவாய்த் துறையே. ஸ்காட்லாந்தில் வசிப்பவரின் வரிக் குறியீட்டின் முன்னால் ‘எஸ்’ என்ற எழுத்து சேர்கிறது. சம்பளம் வழங்கும் நிறுவனம் அதைப் பார்த்து எடின்பரோ விகிதத்தில் பிடித்தம் செய்கிறது. வேலை பார்க்கும் இடம் கணக்கில் வராது, குடியிருக்கும் இடமே கணக்கு.

ஓர் ஊதியச் சீட்டை எடுத்துக்கொண்டால் இந்தப் பிரிவினை எப்படி வேலை செய்கிறது என்பது தெரியும். 2024–25இல் ஆண்டுக்கு 50,000 பவுண்டு சம்பளம் வாங்கும் ஒருவர் இங்கிலாந்தில் 12,570 பவுண்டு விலக்குப் போக மீதி 37,430 பவுண்டுக்கு 20 சதவீதம், அதாவது 7,486 பவுண்டு வருமான வரி கட்டினார். அதே சம்பளத்துக்கு ஸ்காட்லாந்தில் 14,876 வரை 19, 26,561 வரை 20, 43,662 வரை 21, அதற்கு மேல் 42 சதவீதம் எனக் கணக்கிட்டால் 9,028 பவுண்டு வந்தது. வித்தியாசம் 1,542 பவுண்டு. மறுபுறம், அந்த ஆண்டில் ஏறத்தாழ 28,867 பவுண்டுக்குக் கீழ் ஈட்டியோர் ஸ்காட்லாந்தில் குறைவாகக் கட்டினார்கள். ஆனால் அந்த ஆதாயம் ஆண்டு முழுவதற்கும் அதிகபட்சம் 23 பவுண்டுதான்.

வருமான வரிக்குக் கீழே ஊதியச் சீட்டில் இன்னொரு வரி இருக்கிறது: தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பு. பெயர் காப்பீடு என்றாலும் உழைப்பின் மீதான இரண்டாவது வரியாகவே அது செயல்படுகிறது. அதன் 8 சதவீத விகிதம் 50,270 பவுண்டு வரை நீடித்து, அதற்கு மேல் 2 சதவீதமாகக் குறைகிறது. இந்த வரம்பு, இங்கிலாந்தில் உயர் வருமான வரி தொடங்கும் புள்ளியோடு பொருந்தும்படி அமைந்தது. வருமான வரி ஏறும் இடத்தில் பங்களிப்பு இறங்கும். ஸ்காட்லாந்தில் உயர் விகிதம் 43,662இலேயே தொடங்கிவிடுவதால், அங்கிருந்து 50,270 வரை கூடுதலாக ஈட்டும் ஒவ்வொரு பவுண்டிலும் 42 சதவீதமும் 8 சதவீதமும் சேர்ந்து பாதி போய்விடுகிறது. இங்கிலாந்தில் அதே பவுண்டுக்கு 28 சதவீதம்தான். ஓரளவு மூத்த செவிலியர்கள் விழும் வருமான அளவு இது. இந்தப் பாதிப் பிடித்தத்தை எந்த அவையும் விவாதித்து முடிவு செய்யவில்லை. இரண்டு அவைகள் தனித்தனியே எடுத்த முடிவுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தாமாக உண்டான விகிதம் இது.

மேல்தட்டில் இது இன்னும் கூர்மையாகிறது. 1,00,000 பவுண்டைத் தாண்டினால் ஒவ்வொரு இரண்டு பவுண்டுக்கும் ஒரு பவுண்டு விலக்கைத் திரும்பப் பெறுவது வெஸ்ட்மின்ஸ்டரின் விதி. அந்த இடத்தில் 45 சதவீதம் விதிப்பது எடின்பரோ. ஆகவே 1,00,000 முதல் 1,25,140 வரை உள்ள வருமானத்தின் மீது 67.5 சதவீதமும், அதோடு காப்பீட்டுப் பங்களிப்பு 2 சதவீதமும் சேர்ந்து 69.5 சதவீதம் போகிறது. இங்கிலாந்தில் இது 62 சதவீதம். சொந்தத் தொழில் செய்பவர் தம் தொழிலை நிறுவனமாகப் பதிவு செய்து, சம்பளத்துக்குப் பதில் ஈவுத்தொகையாக எடுத்துக்கொண்டால் அந்த ஈவுத்தொகை எடின்பரோ விகிதத்திலிருந்தே தப்பிவிடும். அதற்குப் பிரிட்டன் முழுவதும் ஒரே விகிதம். ஒருவர் எல்லையைத் தாண்டிக் குடிபெயராமலே தம் வருமானத்தை எல்லை தாண்ட வைக்கலாம். உயர் விகிதங்களால் கிடைக்கும் வரவை மதிப்பிடும்போது ஸ்காட்லாந்து நிதிநிலை ஆணையம் இத்தகைய எதிர்வினைகளுக்காகக் கணிசமான தொகையைக் கழித்தே கணக்கிடுகிறது.

4. மானியக் கழிவு: கண்ணில் படாத வரி

இதுவரை சொன்னது வரி செலுத்துவோர் பக்கம். கருவூலத்தின் பக்கம்தான் கட்டுரையின் மையம்.

வருமான வரி வருவாய் எடின்பரோவுக்குப் போவதால், லண்டன் தரும் மானியத்தில் அதற்கு ஈடான தொகை கழிக்கப்பட வேண்டும். முதல் ஆண்டில் இது எளிது: வந்த வருவாய் எவ்வளவோ அவ்வளவு கழிவு. அடுத்தடுத்த ஆண்டுகளில் கழிவு எந்த வேகத்தில் வளர வேண்டும் என்பதுதான் வழக்கு. ஸ்மித் ஆணையம் யாருக்கும் பாதகம் கூடாது என்ற கொள்கையை மட்டும் சொல்லிவிட்டுக் கணக்கை அரசுகளிடம் விட்டுவிட்டது. 2016 பிப்ரவரி வரை ஸ்காட்லாந்து நிதியமைச்சர் ஜான் ஸ்வின்னியும் லண்டன் கருவூலச் செயலர் கிரெக் ஹேண்ட்ஸும் இதற்காகத்தான் மல்லுக்கட்டினார்கள். ஸ்காட்லாந்தின் மக்கள்தொகை பிரிட்டனின் பிற பகுதிகளைவிட மெதுவாக வளர்கிறது. பிற பகுதிகளின் மொத்த வருவாய் வளர்ச்சியைக் கொண்டு கழித்தால், மக்கள் பெருகாத குற்றத்துக்காகவே ஸ்காட்லாந்து ஆண்டுதோறும் அபராதம் கட்ட நேரிடும். இறுதியில் தலைக்கணக்கு முறை ஏற்கப்பட்டது: பிற பகுதிகளில் தலா வருமான வரி எந்த வேகத்தில் வளர்கிறதோ, ஸ்காட்லாந்தின் மக்கள்தொகையோடு சேர்த்து அதே வேகத்தில் கழிவும் வளரும். 2023 ஆகஸ்டில் திருத்தப்பட்ட உடன்பாடு இந்த முறையை நிரந்தரமாக்கியது.

இதன் விளைவைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஸ்காட்லாந்தின் தலா வரி வருவாய் பிற பகுதிகளின் வேகத்தில் வளர்ந்தால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. வேகமாக வளர்ந்தால் மிச்சம். மெதுவாக வளர்ந்தால் பள்ளம். எடின்பரோ விகிதத்தை உயர்த்தித் திரட்டும் பணம் முதலில் அந்தப் பள்ளத்தை நிரப்பப் போகிறது. எஞ்சியதுதான் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும். 2025–26ஆம் ஆண்டுக்கு ஸ்காட்லாந்து நிதிநிலை ஆணையத்தின் மதிப்பீடு இதைக் காட்டுகிறது. இங்கிலாந்தைவிடக் கூடுதலாக விதிக்கும் கொள்கையால் திரளும் தொகை ஏறத்தாழ 170 கோடி பவுண்டு. கழிவு போக நிதிநிலைக்கு உண்மையில் மிஞ்சுவது அதில் பாதியளவே. மீதியைப் பொருளாதார வேகத்தின் இடைவெளி விழுங்கிவிட்டது.

அந்த இடைவெளிக்குக் காரணம் எடின்பரோவின் திறமையின்மைதானா? சில காரணங்கள் அதன் கைக்குள் இருப்பவை. பள்ளிக் கல்வி, தொழிற்பயிற்சி, திட்ட அனுமதி, போக்குவரத்து ஆகியவை அதன் பொறுப்பே. ஆனால் 2014இன் பிற்பகுதியில் எண்ணெய் விலை சரிந்தபோது அபர்தீனில் நல்ல ஊதிய வேலைகள் மறைந்ததற்கு எடின்பரோ காரணமில்லை. குடியேற்ற விதிகளை வகுப்பதும் லண்டனே. அதைவிட நுட்பமான காரணம் ஒன்று உண்டு. உச்ச வருமானக்காரர்களின் பங்கு ஸ்காட்லாந்தில் குறைவு. லண்டன் நிதித் துறையில் ஊதியமும் ஊக்கத்தொகையும் உயர்ந்தால், அவை உச்ச விகிதத்தில் வரி கட்டி, பிற பகுதிகளின் தலா வருவாயைத் தூக்கிவிடும். ஸ்காட்லாந்தின் கழிவும் கூடவே ஏறும். கிளாஸ்கோவில் ஒருவர் சம்பளமும் குறையாமலே கிளாஸ்கோ மருத்துவமனையின் நிதி குறைய இது போதும்.

வரித் தளம் வெஸ்ட்மின்ஸ்டரிடம் இருப்பதன் பொருள் இரண்டு நிகழ்வுகளில் வெளிப்பட்டது. 2022 செப்டம்பர் 23 அன்று பிரிட்டிஷ் நிதியமைச்சர் குவாசி குவார்டெங் வருமான வரியின் உச்ச விகிதத்தை ஒழிக்கவும் அடிப்படை விகிதத்தைக் குறைக்கவும் அறிவித்தார். அது நடந்திருந்தால் பிற பகுதிகளின் வருவாய் குறைந்து, ஸ்காட்லாந்தின் கழிவும் குறைந்து, எடின்பரோ விரல் அசைக்காமலே அதற்குப் பணம் வந்திருக்கும். அறிவிப்பு சில வாரங்களில் கைவிடப்பட்டது. அடுத்து வந்த ஜெரமி ஹன்ட் வரிச்சுமையைக் குறைக்க வேறு பாதையைத் தேர்ந்தார். ஊழியரின் தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பை 2024 ஜனவரியில் 12இலிருந்து 10 சதவீதமாகவும், ஏப்ரலில் 8 சதவீதமாகவும் குறைத்தார். அது பகிரப்படாத வரி என்பதால் ஸ்காட்லாந்தின் கழிவில் ஒரு பென்னிகூட மாறவில்லை. உழைப்பவரின் கையில் சேரும் பணத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். எடின்பரோ கருவூலத்துக்கு இரண்டும் ஒன்றல்ல.

இதே தர்க்கத்தைத் திருப்பிப் போட்டால் ஆபத்து புரியும். ஒரு பிரிட்டிஷ் நிதியமைச்சர் காப்பீட்டுப் பங்களிப்பை இரண்டு புள்ளி குறைத்து, வருமான வரியை இரண்டு புள்ளி கூட்டினால் இங்கிலாந்து ஊழியருக்குப் பெரிய மாற்றம் இருக்காது. ஆனால் ஸ்காட்லாந்தின் கழிவு எகிறும். எடின்பரோ தன் வருமான வரியையும் உயர்த்தியாக வேண்டும், அல்லது செலவைக் குறைத்தாக வேண்டும். ஸ்காட்லாந்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், ஸ்காட்லாந்துக்கென ஒரு விதியையும் மாற்றாமல், அதன் நிதிநிலையை லண்டன் புரட்டிப்போட முடியும். பாகப்பிரிவினையில் நிலத்தை அண்ணன் வைத்துக்கொண்டு, கிஸ்தியைத் தம்பி தலையில் எழுதிய கதை இது.

5. மறுப்பும் அதன் வரம்பும்

இந்த விமர்சனத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கழிவு பிற பகுதிகளின் வருவாயோடு கட்டுண்டிருப்பதால், பிரிட்டன் முழுவதையும் தாக்கும் நெருக்கடியிலிருந்து ஸ்காட்லாந்துக்கு அது காப்பீடாகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் எங்கும் வருவாய் ஆட்டம் கண்டபோது கழிவும் சேர்ந்தே இறங்கியது. மக்கள்தொகை மெதுவாக வளர்வதன் இடரையும் தலைக்கணக்கு முறை ஏற்றுக்கொள்கிறது. தலா பொதுச் செலவில் இங்கிலாந்தைவிட ஸ்காட்லாந்துக்குச் சாதகமான பார்னெட் மானியமும் தொடர்கிறது. இத்தனைக்கும் மேல், ஒப்பீட்டு வளர்ச்சியின் பலனையும் பழியையும் ஏற்காத அரசிடம் பொறுப்பு எங்கிருந்து வரும்?

மறுப்பின் முதல் பகுதியை ஏற்க வேண்டும். பொது அதிர்ச்சிகளுக்கு எதிரான பாதுகாப்பு உண்மையானது. இரண்டாம் பகுதி பாதி தூரம்தான் செல்லும். ஒருவர் தம் செயலால் மாற்றக்கூடியதற்கே அவரைப் பொறுப்பாக்க முடியும். ஒப்பீட்டு வளர்ச்சியில் எடின்பரோவால் மாற்றக்கூடிய பங்கும் உண்டு. மாற்றவே முடியாத பங்கும் உண்டு. இன்றைய சூத்திரம் இரண்டையும் பிரிக்காமல் ஒரே எண்ணாக்கிவிடுகிறது. அந்த எண்ணைப் பார்த்து வாக்காளர் யாரைக் குறைசொல்ல வேண்டும் என்பது விளங்காது. பொறுப்பைக் கூட்ட வந்த ஏற்பாடு அதையே மங்கலாக்குகிறது.

கால இடைவெளி மங்கலை இன்னும் கூட்டுகிறது. நிதிநிலை அறிக்கை மதிப்பீடுகளின் பேரில் எழுதப்படுகிறது. வரி ஆண்டு முடிந்து பதினைந்து மாதம் கழித்தே உண்மைக் கணக்கு வரும். மூன்றாவது ஆண்டின் நிதிநிலையில் அது நேர்செய்யப்படும். 2017–18ஆம் ஆண்டுக்கான பிழை 20.4 கோடி பவுண்டு பாதகமாக முடிந்தது. 2018–19க்கு 30.9 கோடி பாதகம். மதிப்பீட்டுப் பிழைக்காகக் கடன் வாங்க அன்று இருந்த 30 கோடி வரம்பை அந்த ஓராண்டுப் பிழையே தாண்டியது. 2021–22க்கு 39 கோடி பாதகம், 2022–23க்கு 44.7 கோடி சாதகம். 2023 திருத்தம் வரம்பை 60 கோடியாக்கியது. இந்த ஏற்ற இறக்கத்தில் கணிசமானது பொருளாதாரத்தின் போக்கால் வரவில்லை. லண்டனில் ஒரு நிறுவனமும் எடின்பரோவில் ஒரு நிறுவனமும் வெவ்வேறு நாளில் கணித்த எண்களின் வித்தியாசத்தால் வந்தது. மூன்றாண்டுக்கு முந்தைய கணிப்பின் பிழைக்காக இந்த ஆண்டு நூலகத்தை மூடும் அமைச்சர், எதற்குக் கணக்குச் சொல்கிறார்?

6. பிற ஏற்பாடுகளின் வெளிச்சத்தில்

தளமின்றி விகிதம் மட்டும் கிடைப்பதே குறை என்று முடிவுகட்ட முடியாது. கனடாவில் கியூபெக் தவிர்த்த மாகாணங்கள் ஒட்டாவா வரையறுக்கும் வருமானத்தின் மீதே தம் விகிதங்களை விதிக்கின்றன. 1962 முதலான உடன்பாடுகளின்படி ஒட்டாவாவே வசூலித்துக் கொடுக்கிறது. கியூபெக் மட்டும் 1954 முதல் தன் வருமான வரியைத் தானே வசூலிக்கிறது. ஆனால் அங்கே வரித்திறன் குறைந்த மாகாணங்களைத் தூக்கிவிடச் சமநிலை மானியம் 1957 முதல் இருக்கிறது. அந்தக் கோட்பாடு 1982 அரசமைப்புச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. தளம் பொதுவானதுதான், ஆனால் அது தேயும்போது வரும் இடரும் பொதுவாக்கப்பட்டிருக்கிறது.

ஸ்பெயினின் பாஸ்க் நாடு மறு துருவம். அங்குள்ள மூன்று மாகாண அவைகள் வருமான வரியின் விகிதம், தளம், வசூல் மூன்றையும் கையில் வைத்திருக்கின்றன. மத்திய அரசு நடத்தும் பொதுப் பணிகளுக்காக 6.24 சதவீதம் என்ற பங்கின் அடிப்படையில் மாட்ரிடுக்குப் பணம் கொடுக்கிறார்கள். வருவாய் கூடினாலும் குறைந்தாலும் அவர்கள் பாடு. முழு இடர் இருக்கிறது. அதை எதிர்கொள்ள முழுக் கருவியும் இருக்கிறது.

இந்த இரண்டில் எதுவும் ஸ்காட்லாந்துக்குக் கிடைக்கவில்லை. கனடாவைப் போல் விகிதத்தை மட்டும் கொடுத்து, பாஸ்க் நாட்டுக்கு அருகில் இடரை வைத்திருக்கிறார்கள்.

வேல்ஸ் அண்டையிலேயே ஒரு மாற்றைக் காட்டுகிறது. 2019 ஏப்ரல் முதல் அங்கே ஒவ்வோர் அடுக்கிலும் பத்துப் புள்ளிகளைக் கார்டிஃப் தீர்மானிக்கிறது; இதுவரை இங்கிலாந்திலிருந்து விலகியதில்லை. கவனிக்க வேண்டியது கழிவுக் கணக்கு. வேல்ஸில் உச்ச வருமானக்காரர்கள் இன்னும் குறைவு என்பதை முன்கூட்டியே அறிந்து, ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனியே கழிவு கணக்கிட ஒப்புக்கொண்டார்கள். லண்டன் உச்ச ஊதியங்கள் வேல்ஸின் அடிப்படை அடுக்கைத் தொடுவதில்லை. ஸ்காட்லாந்து உடன்பாட்டில் இல்லாத இந்தப் பாதுகாப்பு, பத்தே மாதம் கழித்துக் கையெழுத்தான வேல்ஸ் உடன்பாட்டில் இருக்கிறது. ஆகவே இது சாத்தியமற்ற கோரிக்கையில்லை.

ஆஸ்திரேலியா எச்சரிக்கை. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் மத்திய அரசு வருமான வரியை முழுதாக எடுத்துக்கொண்டது. உயர்நீதிமன்றம் அதை ஆதரித்தது. 1978இல் ஃபிரேசர் அரசு மாநிலங்கள் கூடுதல் வரி விதிக்கச் சட்டம் செய்தது. ஒரு மாநிலமும் பயன்படுத்தாமல் அது 1989இல் நீக்கப்பட்டது. 2016 ஏப்ரலில் பிரதமர் டர்ன்புல் மீண்டும் அதே யோசனையோடு வந்தபோது மாநில முதல்வர்கள் அதை ஏற்கவில்லை. மானியத்தில் என்ன குறையும் என்பது தெளிவில்லாத இடத்தில் வரி அதிகாரத்தை யாரும் பரிசாகக் கருதுவதில்லை.

7. இந்தியாவுக்கு ஒரு குறிப்பு

இந்திய மாநிலங்களுக்கு வருமான வரி அதிகாரம் இல்லை என்று பொதுவாகச் சொல்வது முழு உண்மையன்று. விவசாய வருமானத்தின் மீதான வரி மாநிலப் பட்டியலின் 46ஆவது பதிவில் இருக்கிறது. பிற வருமானத்தின் மீதான வரி ஒன்றியப் பட்டியலின் 82ஆவது பதிவில். பயிரிட்டுத் தயாரிக்கும் தேயிலையின் வருமானத்தில் 40 சதவீதம் ஒன்றியத்தின் வரிக்கும் எஞ்சிய 60 சதவீதம் விவசாய வருமானமாக மாநிலத்துக்கும் என்று 1962 வருமான வரி விதிகளின் 8ஆவது விதி பிரித்தது. ஒரே தேயிலைத் தோட்டத்தின் லாபத்தில் இரு அரசுகளுக்கு இரு தளம். ஆனால் அந்த அதிகாரத்தைப் பரந்த அளவில் பயன்படுத்த எந்த மாநிலமும் துணிந்ததில்லை. மூன்று பென்ஸின் கதை இங்கும் நடந்திருக்கிறது.

எஞ்சிய வருமான வரியில் மாநிலங்களின் பங்கு நிதிக்குழு வழியாக வருகிறது. 1969இல் தமிழ்நாடு அரசு அமைத்து 1971இல் அறிக்கை தந்த ராஜமன்னார் குழு, நிறுவன வரியும் பகிரப்பட வேண்டும் என்றது. 2000ஆம் ஆண்டின் 80ஆவது திருத்தம் ஒன்றிய வரிகள் அனைத்தையும் பகிர்வுக்குள் கொண்டுவந்தது. செஸ், கூடுதல் வரி இரண்டும் வெளியே நின்றன. அவற்றைப் பெருக்கினால் பகிர்வுத் தொகை தானாகச் சுருங்கும். இது ஹன்ட் செய்ததற்கு நெருங்கிய உறவு: பகிரப்படாத வரி ஒன்று பக்கத்தில் இருக்கும்வரை, பகிரப்படும் வரியின் அளவு ஒன்றிய அரசின் தேர்வைப் பொறுத்தது.

15ஆவது நிதிக்குழுவின் கணக்கில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதமாக இருந்தது. தொழில்வளம் மிகுந்த மாநிலம் என்ற முறையில் வருமான வரியின் ஒரு பகுதியை நேரடியாகக் கேட்கலாமே என்ற எண்ணம் இங்கே எழுவது இயல்பு. அப்படிக் கேட்கும் நாளில் ஸ்காட்லாந்தின் அனுபவம் பயன்படும். தனிமனித வருமான வரியின் தளம் மாநிலங்களுக்கு இடையே மிகவும் ஏற்றத்தாழ்வாகப் பரவியிருக்கிறது. தலைமை அலுவலகம் எங்கே, ஊழியர் எங்கே, குடியிருப்பு எங்கே என்ற கேள்விகள் ‘எஸ்’ என்ற ஓர் எழுத்தால் தீருபவை அல்ல.

8. முடிவுரை

ஸ்காட்லாந்து அனுபவத்திலிருந்து நான்கு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, விகிதங்களோடு அடுக்குகளையும் அமைக்கும் உரிமை இருந்தால்தான் வரி அதிகாரம் பயன்படும். ஒற்றை விகித அதிகாரங்கள் ஸ்காட்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் தூங்கிப்போயின. இரண்டாவது, உழைப்பின் மீதான இரண்டு வரிகளில் ஒன்றை மட்டும் பகிர்ந்தால் யாரும் விரும்பாத விகிதங்கள் உண்டாகும். ஈவுத்தொகையையும் சேர்த்துப் பகிர வேண்டும். காப்பீட்டுப் பங்களிப்பின் வரம்பை ஸ்காட்லாந்தின் அடுக்கோடு பொருத்த எடின்பரோவுக்கு இடம் தர வேண்டும். மூன்றாவது, கழிவை வேல்ஸைப் போல் அடுக்குவாரியாகக் கணக்கிட வேண்டும். வருமான வரிக்கும் காப்பீட்டுப் பங்களிப்புக்கும் இடையே சுமையை மாற்றும் ஒவ்வொரு பிரிட்டிஷ் முடிவும் கழிவில் ஈடுசெய்யப்பட வேண்டும். நான்காவது, சூத்திரத்தைப் பற்றிய தகராறை இன்று அந்த இரு அரசுகளே பேசித் தீர்க்கின்றன. கட்சிக்காரர்களில் ஒருவரே கருவூலத்தைக் கையில் வைத்திருக்கும் வழக்கில் இது நீதியாகாது. தகராறைத் தீர்க்கும் தகுதி இருவருக்கும் வெளியே ஓர் அமைப்புக்கு வேண்டும்.

இவை இல்லாமல் கைமாறும் வருமான வரி, அதிகாரப் பகிர்வு என்ற பெயருக்குத் தகுதியானதன்று. இடர்ப் பகிர்வு என்று அழைப்பதே பொருந்தும். விகிதம் நிர்ணயிக்கும் உரிமையைக் கேட்கும் எந்தப் பிராந்திய அரசும், உரிமைப் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முன் கழிவுச் சூத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.